‘தலைய முடிஞ்சிட்டு வா’: பள்ளிக்கூடம், மேடை, ஒரு பெண்பிள்ளையின் கூந்தல்

பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, இல்லை பூவும் எண்ணெயும் தருவதுதானா என்று மதுரையில் ஒரு சபை கூடி வழக்காடியது. பாண்டியனுக்குச் சந்தேகம், தீர்த்து வைப்பவருக்குப் பொற்கிழி. தருமிக்குப் பாட்டெழுதிக் கொடுத்த சிவனும் நக்கீரனும் மோதிக்கொள்கிறார்கள். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்திற்குப் பிறகு இந்தக் கதை தெரியாத ஆள் நம்மூரில் இல்லை. நாகேஷின் புலம்பலை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். பழகிப்போனதாலேயே கண்ணில் படாத ஒன்று அதில் இருக்கிறது. வாதம் படிப்படியாக ஏறுகிறது: உத்தமப் பெண்களின் கூந்தல், தேவலோகப் பெண்களின் கூந்தல், கடைசியில் உமையின் கூந்தல். அதாவது, கூந்தலைப் பற்றியதாகத் தொடங்கிய கேள்வி பெண்களைத் தரம்பிரிக்கிற கேள்வியாகப் போய் முடிகிறது. ராஜா பேசியாயிற்று, புலவன் பேசியாயிற்று, கடவுளும் பேசியாயிற்று. அந்தச் சபையில் கூந்தலுக்குச் சொந்தக்காரி ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

அந்தச் சபை இன்னும் கலையவில்லை என்பது என் எண்ணம். மதுரையிலிருந்து தெற்கே விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்று வருகிற வழியில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் காலைப் பிரேயரில் அது கூடுகிறது. இங்கே வழக்கு மணத்தைப் பற்றியதல்ல. ரெட்டை ஜடை போட்டிருக்கிறாளா, ஜடையை மடித்துக் கட்டியிருக்கிறாளா, ரிப்பன் பள்ளிக்கூடம் சொன்ன நிறம்தானா, நெற்றியோரம் மயிர் பறக்கிறதா. பறந்தால் வரிசையை விட்டு வெளியே வரவேண்டும். ‘தலைய முடிஞ்சிட்டு வா’ என்பது தீர்ப்பு.

இந்த விதியைச் சுத்தம் சம்பந்தப்பட்ட சின்ன விஷயமாக ஒதுக்கிவிடுவது முற்போக்காளர்களுக்கும் வழக்கம்தான். சீருடை, பெல்ட், சாக்ஸ், அந்த வரிசையில் ரிப்பன். ஆனால் ரிப்பனைக் கடையில் வாங்கலாம், தலைமயிரைக் கடையில் வாங்க முடியாது. இந்த விதி ஒரு குறிப்பிட்ட தலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. நீளமாக, நேராக, எண்ணெய் வைத்தால் படிகிற தலை. சுருள்முடி அப்படிப் படியாது. தோலுக்குள் மயிர் முளைக்கிற குழியின் வடிவம் எப்படியோ அப்படித்தான் மயிர் வளரும். குழி வளைந்திருந்தால் மயிரும் வளையும். தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேர்முடியில் நுனிவரை வழுக்கிக்கொண்டு இறங்கும், சுருளில் வளைவுக்கு வளைவு நின்றுவிடும். அதனால்தான் சுருள்முடி வறண்டு தெரிகிறது. உலர்ந்த நிலையில் சீப்பைப் போட்டு இழுத்தால் அறுந்து இன்னும் பறக்கும். ‘தலை சீவுறதே இல்ல’ என்று திட்டு வாங்குகிறவள் பெரும்பாலும் அதிகமாகச் சீவியவளாகவே இருப்பாள்.

இன்னொன்று, ரெட்டை ஜடையை யார் போடுவது? பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் தலையில் தானே நேர்வகிடு எடுத்து, சரிசமமாகப் பிரித்து, மடித்துக் கட்ட முடியுமா? சுருள்முடியில் கேட்கவே வேண்டாம். பின்னால் உட்கார்ந்து பின்னிவிட இன்னொரு பெண்ணின் அரைமணி நேரம் வேண்டும். பட்டாசு வட்டாரத்தில் அந்த இன்னொரு பெண் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கும். பயராபீஸில் திரி முறிப்பதோ குழாயில் மருந்து செலுத்துவதோ பீஸ் ரேட்டு. சீக்கிரம் போய் உட்கார்ந்தால்தான் நாலு காசு. அப்போது ஜடை போடுவது பாட்டி, பாட்டி இல்லையென்றால் அக்கா, அக்காவும் வேலைக்குப் போய்விட்டால் அவளே. ரிப்பன் விதி, வீட்டிலிருக்கிற அம்மாவைக் கேட்காமலே அனுமானித்துக்கொள்கிறது. வரிசையை விட்டு வெளியே நிற்கவைக்கும்போது தண்டிக்கப்படுவது பிள்ளையின் ஒழுங்கீனம் அல்ல, அம்மாவின் வேலைநேரம். ஆசிரியர் இதை யோசித்திருக்க மாட்டார். விதி அவருக்குப் பதிலாக யோசித்துவிடுகிறது. அதிகாரம் என்பதற்கு ஃபூக்கோவைத் தேடிப் போகிற நண்பர்கள் கொஞ்சம் இந்தப் பக்கமும் பார்க்கலாம்.

சொற்களுக்கு வருகிறேன். நம் மொழியில் தலைமயிரைப் பற்றிய வசைகள் ஏராளம், ஒன்றும் அப்பாவிச் சொல் இல்லை. ‘பரட்டை’ என்றதும் 1977இல் வந்த ‘16 வயதினிலே’ ஞாபகத்துக்கு வரும். வில்லனுக்குப் பெயரே அவன் தலைமுடிதான். அவன் ஆண், அதனால் சினிமாவில் அது ஒரு கெத்தாக மாறியது. பெண்பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. ‘செம்பட்டை’ என்பது இன்னும் மோசம். எண்ணெய் காணாத, வெயிலில் காய்ந்த மயிர் சிவக்கும். புரதச்சத்து இல்லாமல் வளர்கிற குழந்தையின் மயிரும் கறுப்பு வெளிறிச் செம்மைப்படும் என்பது மருத்துவப் பாடம். ஆக ‘செம்பட்டை’ என்று சிரிக்கிறவன், தெரியாமலே, ‘உன் வீட்டில் சோறில்லை’ என்று சிரிக்கிறான். அப்புறம் ‘குறத்தி மாதிரி இருக்கா’, ‘காட்டுவாசி’, ‘சேரித்தலை’. இவற்றுக்கு உரை தேவையில்லை. மயிரிலிருந்து ஆரம்பித்து நேரே பிறப்புக்குப் போய்ச் சேர்கிறது வசை.

நமது பழைய சொற்களஞ்சியம் இவ்வளவு வறண்டதாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்று ஒரு பெயர். ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று உரையாசிரியர்கள் விரித்துச் சொல்கிற பட்டியலில் கொண்டை, குழல், பனிச்சை, முடி இவற்றோடு சுருளும் ஒன்று. ‘அளகம்’ என்றாலே சுருண்ட மயிர்தான். இதை வைத்துப் பொற்காலம் பாட வரவில்லை. கூந்தல் வருணனை என்பது ஆண்கவிகளின் மேய்ச்சல் நிலம். ஆனாலும் சுருள் ஒரு குறை என்கிற எண்ணம் எப்போதும் இருந்தது போல் நாம் நடந்துகொள்வது பொய்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு மாலைப் பள்ளியில் கொஞ்சகாலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே பறையும் உறுமியும் பழக ஒரு சின்னக் குழு. அதில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி, நல்ல கைக்காரி. அடி மாறும்போது பெரியவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். அடர்த்தியான சுருள்முடி. பகலில் அவள் போன பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் என்ன என்பதை மேலே சொன்ன பட்டியலிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் தொட்டுத் தொட்டு அமுக்கி, கண் இழுத்துக்கொள்கிற அளவுக்கு இறுக்கிப் பின்னிக்கொண்டு போவாள். மத்தியானம் ஆவதற்குள் பிரிந்துவிடும். பெஞ்சில் பின்னால் இருப்பவர்கள் பேனாவைச் சொருகிப் பார்ப்பார்கள், விழுகிறதா நிற்கிறதா என்று. இது விளையாட்டாம். அந்தப் பேனா உலகத்தில் வேறு எங்கெல்லாம் சொருகப்பட்டது என்று பிறகு சொல்கிறேன். ஆண்டுவிழா வந்தது. ‘கிராமியக் கலை’ என்று ஒரு அயிட்டம். அவளைக் கூப்பிட்டார்கள், பறை அடிக்க. கூடவே ஒரு கட்டளை: அன்றைக்கு மட்டும் ஜடை வேண்டாம், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வா, அப்பத்தான் எடுப்பா இருக்கும். அன்று சாயங்காலம் வந்து சொன்னாள்: “அண்ணே, மேடைக்கு மட்டும் பரட்டை வேணுமாம்.”

கலையும் ஒழுக்கமும் பற்றி நாம் எழுதிக் குவித்த பல பக்கங்களைவிட இந்த வாக்கியம் எனக்கு அதிகமாக விளக்கியது. வகுப்பறை எதை வெட்டுகிறதோ, கட்டுகிறதோ, அதையே மேடை கேட்கிறது. இரண்டிலும் அந்த மயிர் அவளுடையதாக இல்லை.

இதற்கு முழுமையான, எழுத்தில் பதிவான ஒரு முன்வரலாறு இருக்கிறது, நூற்றிநாற்பது வருஷத்துக்கு முந்தியது. சம்பவம் நடந்த இடம் வெகுதூரம். ஆனால் பாதிக்கப்பட்டவளே எழுதிய சாட்சியம் என்பதாலும், அவளும் இசைக்காரி என்பதாலும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜிட்காலா-ஷா. பெயருக்குச் ‘செம்பறவை’ என்று பொருள். அமெரிக்கப் பூர்வகுடிகளில் டகோட்டா மொழி பேசும் யாங்க்டன் இனத்தவள். 1876இல் பிறந்தவள். 1884இல், எட்டு வயதில், இண்டியானா மாநிலத்தின் வாபாஷ் ஊரில் குவேக்கர் கிறித்தவர்கள் நடத்திய உறைவிடப் பள்ளிக்கு ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்டாள். சிவப்பு ஆப்பிள் பழுத்துக் கிடக்கும் நாடு என்று ஆசைகாட்டியிருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும், கொஞ்சம் ஆங்கிலம் புரிகிற தோழி ஒருத்தி செய்தி கொண்டுவருகிறாள்: நம் தலைமயிரை வெட்டப்போகிறார்கள். அவர்கள் சமூகத்தில் மயிரைக் குறைத்துக்கொள்வது இழவு காப்பவர்கள். ஒட்ட வெட்டப்படுவது கோழைகளுக்கு, எதிரியிடம் பிடிபட்டவர்களுக்கு. எட்டு வயதுப் பிள்ளை மாடியேறி ஒரு கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். தேடிப்பிடித்து இழுத்து வருகிறார்கள். நாற்காலியில் கட்டிவைக்கிறார்கள். கழுத்தில் கத்தரிக்கோலின் குளிர்ச்சி படுகிறது, தடித்த பின்னல் அறுபடுகிற சத்தம் கேட்கிறது. இதை அவள் 1900இல் ‘அட்லாண்டிக் மன்த்லி’ பத்திரிகையில் எழுதினாள்.

இந்தப் பள்ளிகளின் கொள்கை ஒளிவுமறைவானதல்ல. 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளியைத் தொடங்கிய ராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட், உள்ளே இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்றுவதே நோக்கம் என்று 1892இல் ஒரு கூட்டத்தில் பேசியவர். சேரும்போது நீளமுடியோடு ஒரு புகைப்படம், பிறகு முடிவெட்டிக் கோட்டுப் போட்டு இன்னொன்று. இரண்டையும் ஜோடியாக அச்சடித்து, பள்ளியின் வெற்றிக்குச் சான்றாகப் பரப்பினார்கள். சிவகாசி பக்கத்து ஆட்களுக்கு அச்சின் சக்தியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் கதை இங்கே சிக்கலாகிறது. மயிரை வெட்டிய அதே கல்விதான் அவள் கையில் வயலினையும் கொடுத்தது. வளர்ந்து கல்லூரிக்குப் போனாள். 1896இல் இண்டியானா மாநிலப் பேச்சுப்போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள், எதிர்க்கல்லூரிக்காரர்கள் அவள் இனத்துப் பெண்களை இழிவுபடுத்திப் படம் எழுதிய கொடியைத் தூக்கிக் காட்டிய அரங்கத்தில். கார்லைல் பள்ளியிலேயே ஆசிரியையாக வேலை பார்த்தாள். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து இசைப்பள்ளியில் வயலின் படித்தாள். 1900இல் கார்லைல் வாத்தியக்குழுவோடு மேடையேறினாள். அப்போது அவள் போட்டிருந்தது என்ன? மான்தோல் உடுப்பு, தன் இனத்துக்காரியாக நின்று, வெள்ளைக்காரக் கவி எழுதிய செவ்விந்தியக் காவியத்திலிருந்து ஒப்பித்தாள். 1898 வாக்கில் ஜெர்ட்ரூட் கேஸ்பியர் எடுத்த படங்கள் கிடைக்கின்றன. சிலதில் வெள்ளை உடுப்பும் கையில் வயலினும், சிலதில் பூர்வகுடி உடுப்பும் நீண்ட கூந்தலும். எட்டு வயதில் நாற்காலியில் கட்டி வெட்டிய மயிரை, இருபத்திரண்டு வயதில் விளக்குப் போட்டுப் படம்பிடித்தார்கள். ‘மேடைக்கு மட்டும்.’

அவள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அட்லாண்டிக் கட்டுரைகள் வந்தபோது அவளை வேலைக்கு வைத்திருந்த கார்லைல் தரப்பு கொதித்தது, நன்றிகெட்டவள் என்று எழுதியது. (நன்றி என்கிற இந்தச் சொல் கல்வி கொடுத்தவர்களின் வாயில் எப்போதும் தயாராக இருக்கும், நம்மூரிலும்தான்.) 1913இல் வில்லியம் ஹான்சன் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து ‘சூரிய நடனம்’ என்ற ஓபராவை உருவாக்கினாள். அரசு ஒடுக்கிவந்த சடங்கு அது. அதை மேடையில் வைத்தாள். மெட்டுகளை அவள் வயலினில் வாசிக்க வாசிக்க அவர் எழுதிக்கொண்டார். அவள் இறந்த 1938இல் நியூயார்க்கில் அது மறுபடி மேடையேறியபோது ஆக்கியோன் என்று ஹான்சன் பெயர் மட்டும் இருந்தது.

இப்போது கொஞ்சம் கோட்பாடு. மயிரைப் பற்றி மானுடவியலில் ஒரு பழைய சண்டை உண்டு. 1958இல் எட்மண்ட் லீச், மயிர் என்பது பாலுணர்வின் குறியீடு என்ற வாதத்தை எடுத்து, இந்தியச் சடங்குகளை வைத்து விரித்தார். நீண்ட மயிர் தடையற்ற காமம், மொட்டை துறவு, இப்படி. 1969இல் ஹால்பைக் மறுத்தார். துறவி, சிப்பாய், கைதி மூவரும் மயிர் வெட்டப்படுகிறார்கள். மூவருக்கும் பொது காமம் அல்ல, ஒழுங்கு. மயிர் வெட்டப்படுவது ஒரு கட்டுக்குள் வந்ததன் அடையாளம். நீள மயிர் சமூகத்துக்கு வெளியே நிற்பவரின் அடையாளம். 1981இல் கணநாத் ஒபயசேகர, கதிர்காமத்தில் சடைவிழுந்த தலையோடு திரிகிற பெண் பக்தர்களோடு பேசி எழுதிய புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். ஒரு குறியீடு பொதுவானதாக இருந்தபடியே ஒவ்வொருத்தியின் சொந்த வேதனையிலிருந்தும் முளைக்க முடியும்; அவளிடம் கேட்காமல் அர்த்தம் சொல்லாதே.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை ஹால்பைக் சொல்வது நன்றாகப் பொருந்துகிறது. பிரேயர் வரிசை ராணுவ வரிசைதானே. எனினும் நம் ஊருக்கு அது போதவில்லை. கட்டுக்குள் கொண்டுவருவது மட்டும் நோக்கமென்றால் எல்லோரையும் கிராப் வெட்டிவிடலாம். பெண்பிள்ளையின் மயிர் நீளமாகவும் இருக்கவேண்டும், அவிழாமலும் இருக்கவேண்டும். நீளம் குடும்பத்தின் சொத்து, அவிழ்ப்பது ஆபத்து. ‘தலைவிரிகோலம்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் இழவு, சாமியாட்டம், பழிவாங்கல் என்று மூன்றே அர்த்தம். பாண்டியன் அவைக்குள் கண்ணகி வந்த கோலம் அது. ஆக லீச்சையும் முற்றாகத் தள்ள முடியாது. ஆண்பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வேடிக்கை: கிறித்தவப் பள்ளிகளில் படிக்கிற பையன் குடுமி வைக்கலாமா என்று திருநெல்வேலிச் சீமையில் மிஷனரிகளுக்குள் தகராறு வந்து, கால்டுவெல் 1867இல் குடுமியைப் பற்றித் தனியாக ஒரு சிறுநூலே போட்டார், அது மதச்சின்னம் அல்ல, சமூக வழக்கம் என்பது அவர் கட்சி. பையன் தலைக்கு அத்தனை பெரிய அறிஞர் வாதாட வந்தார். பெண்பிள்ளை தலைக்கு யார் நூல் போட்டது?

சிவகாசிக்கு வருவோம். ஆடி பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவருகிற ஊர். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய தெய்வங்களின் முகத்தைத் தீர்மானித்த ஊர். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் போட்ட படங்கள் இங்கே லட்சக்கணக்கில் அச்சாகிப் போயின. அவர்களுக்கு முன்னால் ரவிவர்மா. அந்தச் சரஸ்வதியைப் பாருங்கள். கையில் வீணை, தலையில் கிரீடம், அதற்குக் கீழே தோளிலும் இடுப்பிலும் அலையலையாக இறங்குகிற கூந்தல். ரிப்பன் இல்லை. பின்னல் இல்லை. ஹெட்மாஸ்டர் அறையில் இந்தப் படத்துக்கு நேர் கீழேதான் பிள்ளைகள் தலை முடியாததற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். தெய்வம் விரித்துப் போடலாம். சினிமா நடிகை விரித்துப் போடலாம். கவனிக்கவேண்டியது, அந்த அலைகள் ஒரு அளவுக்குத்தான் சுருள்கின்றன. நெளிவு அழகு, சுருள் அசிங்கம் என்ற கோடு அங்கே அச்சாகிவிடுகிறது. அச்சகத்தில் தாள் எடுக்கிற பெண்ணின் தலைக்கும் அச்சாகி வருகிற தலைக்கும் உள்ள தூரம் பற்றி யாராவது விரிவாக எழுதவேண்டும்.

அந்தக் கோட்டை அரசாங்கமே போட்ட இடமும் உண்டு. மேலே விட்டுவந்த பேனா. தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் வருஷத்து மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு ஆளையும் ஒரு இனப்பெட்டியில் போடச் சொன்னது. சந்தேகம் வருகிற ஆளின் தலைமயிரில் பென்சிலைச் சொருகுவார்கள். விழுந்தால் வெள்ளை, நின்றால் வெள்ளை அல்ல. 1966இல் சாண்ட்ரா லேங் என்ற பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து போலீஸ் கூட்டிப்போய் வீட்டில் விட்டது; அப்பா அம்மா இருவரும் வெள்ளையர், பிள்ளைக்கு நிறம் கூடுதல், மயிர் சுருள். அதற்கு முந்தின வருஷங்களில்கூடச் சக மாணவர்கள் அவள் மயிரை வைத்துத்தான் சீண்டினார்கள். வகுப்பறைச் சீண்டலை அரசு ஆணை பின்தொடர்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறவெறிச் சட்டமெல்லாம் போய், 2016 ஆகஸ்டில், பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் திரண்டார்கள்: எங்கள் தலைமயிர் இயற்கையாக வளர்கிற மாதிரி இருக்கவிடுங்கள். முன்னால் நின்ற ஜுலைக்கா படேலுக்குப் பதின்மூன்று வயது. மாகாணக் கல்வி அமைச்சர் வந்து, நடத்தை விதியில் மயிர் பற்றிய பகுதியை நிறுத்திவைக்கச் செய்தார். அதாவது சட்டம் செத்தபிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அது பள்ளி விதியாக உயிரோடு இருந்திருக்கிறது.

நமக்கும் பென்சில் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு மூக்கை அளந்தார், மயிர் நேரா நெளிவா சுருளா என்று குறித்தார், 1909இல் ஏழு தொகுதியாகச் சாதிகளின் பட்டியலைப் போட்டார். இன்றைக்கும் அந்தத் தொகுதிகளைச் சாதிச் சங்கங்கள் மேற்கோள் காட்டுகின்றன. கர்நாடகத்தின் யெல்லாப்பூர், ஹளியாள் காடுகளில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கன்னடமும் கொங்கணியும் பேசுகிறவர்கள். அந்தப் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் மயிரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்ததில்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர்களுடைய ‘தமாம்’ தாளத்தை மட்டும் கலைவிழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள்.

‘இயற்கை’ என்ற சொல்லில் எனக்கும் முழுச் சம்மதம் இல்லை. 1987இல் கோபினா மெர்சர் எழுதிய கட்டுரை ஒன்று இதைச் சரியாகப் பிடித்தது: வாரிப் பெருக்கி வளர்க்கிற ஆஃப்ரோவும் ஒரு ஸ்டைல்தான், நேராக்குவதும் ஒரு ஸ்டைல்தான், ஒன்றை இயற்கை என்றும் மற்றதை அடிமைத்தனம் என்றும் பிரிப்பது எளிமைப்படுத்தல். ஒரு பிள்ளை தன் சுருளை நேராக்கிக்கொள்ள ஆசைப்பட்டால் நாம் போய் ‘வேர்களுக்குத் திரும்பு’ என்று வகுப்பெடுப்பதும் இன்னொரு பிரேயர் வரிசைதான். கேள்வி இயற்கையா செயற்கையா என்பதல்ல. வரிசையை விட்டு வெளியே அனுப்புகிற உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே.

இதற்கு ஒரு கனமான எதிர்வாதம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக்கூடாது. ஒரேமாதிரி இருப்பது எங்களுக்குச் சமத்துவமாக வந்தது என்பார்கள் இந்த மாவட்டத்துப் பெரியவர்கள். விருதுநகர்க்காரர் காமராஜர் காலத்தில் மதிய உணவும் சீருடையும் ஒன்றாகப் பரவின. நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் கொடுத்த துணியில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்த தலைமுறை அது. அந்தச் சட்டையை நான் எளிதாக விட்டுக்கொடுக்கமாட்டேன். இன்றைக்கும் சாதி தெரிகிற கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு பையன்கள் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சகமாணவர்களே வீடுபுகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளிக்குள் தடுக்கச் சொன்னது. சரியான பரிந்துரை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் கயிறு கட்டிக்கொள்வது, மயிர் முளைப்பது. கயிறு ‘நான் உன்னைவிட மேல்’ என்று சொல்வதற்காகக் கட்டப்படுகிறது, கழற்றினால் கையில் குறை ஒன்றும் வராது. சுருள்முடி யாருக்கும் எதையும் சொல்லவில்லை. பார்க்கிறவன்தான் அதில் படிக்கிறான். சீருடைச் சட்டை மறைக்கிற வித்தியாசத்தை ரிப்பன் விதி தேடிக் கண்டுபிடித்து வரிசைக்கு வெளியே நிறுத்துகிறது. ஒரே துணி, ஒரே சோறு என்ற சமத்துவத்தின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்டு அதற்கு நேரெதிர் வேலையைச் செய்கிறது.

விதி என்றாலே எதிர்க்கிற ஆளாக என்னை நினைத்துவிடவேண்டாம். பயராபீஸ் ஷெட்டுக்குள் போகிற பெண்ணுக்கும் விதி இருக்கிறது. நைலான் கூடாது, பருத்தி உடுத்து. செருப்பைக் கழற்று. இரும்புச் சாமான் கொண்டுபோகாதே. உள்ளே போகுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கு. தலைமயிரைத் துணியால் கட்டு, இல்லாவிட்டால் அலுமினியப் பொடி அப்பிக்கொள்ளும். ‘ஏன்?’ என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதில் அங்கே வேலை செய்கிற அவள் உயிர். விதி மீறப்படுகிற இடங்களில் என்ன நடக்கிறது என்று வருஷாவருஷம் பார்க்கிறோம். பள்ளிக்கூட ரிப்பனுக்கு ‘ஏன்?’ என்று கேட்டால் ‘ஒழுக்கம்’ என்கிற சொல் மட்டும் வருகிறது.

இந்த வட்டாரத்தில் இது வெறும் கெளரவப் பிரச்சினையாக நிற்காது என்பதாலேயே எழுதுகிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விடியுமுன் கிராமம் கிராமமாக வண்டி வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டியாபீஸுக்கு ஏற்றிப்போனது, அதிகமும் பெண்பிள்ளைகளை. 1983இல் ஸ்மிது கோத்தாரி அதை நாடறிய எழுதினார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பெண்பிள்ளையை அந்த வண்டியிலிருந்து இறக்கி பெஞ்சில் உட்காரவைக்க அத்தனை பேருடைய வருஷங்கள் செலவாகியிருக்கின்றன. அப்படி உட்கார்ந்தவளைத் தலைமயிருக்காக எழுப்பி வெளியே அனுப்பினால், பதினாலு பதினைந்து வயதில் ‘இனி போகலம்மா’ என்று அவள் சொல்லும்போது அம்மா ஏறுகிற அதே வேனில் இடம் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் ‘இடைநின்றவர்’ என்று எழுதுவார்கள். காரணப் பத்தியில் ரிப்பன் வராது.

செயல்படுகிற நண்பர்களுக்கு இரண்டு மூன்று தகவல். 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது; எட்டாம் வகுப்பு வரைக்கும் அது நேராகப் பொருந்தும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரின் தலையை வலுக்கட்டாயமாக மழிப்பதையும் அதையொத்த இழிவுச் செயல்களையும் பெயர்சொல்லிக் குற்றமாக்குகிறது. ஆகவே ஆசிரியர் மேசை இழுப்பறையில் இருக்கும் கத்தரிக்கோல் அவ்வளவு சாதாரணப் பொருள் அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்பது அதே கல்வியுரிமைச் சட்டம். கூட்டம் பெரும்பாலும் வேலைநேரத்தில் வைக்கப்படும், கையெழுத்து மட்டும் பின்னால் வாங்கப்படும். கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்வது முதல் வேலை. வேனிலிருந்து இறங்கிய கையோடு நாலு அம்மாமார் வந்து உட்கார்ந்து, ரெட்டை ஜடை போடச் சொல்லி அரசு ஆணை எந்தத் தேதியில் வந்தது, அதை எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்டால் போதும். நான் பார்த்த இரண்டு கூட்டங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஹெட்மாஸ்டர் பீரோவைத் திறந்தார். ஒரு கூட்டத்தில், தேடிக்கொண்டிருக்கும்போதே, “சரி, ஒத்தைச் சடையோ எப்படியோ, புள்ள வந்தாச் சரி” என்று அவரே மூடிவிட்டார். இன்னொன்றில் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.